எந்தப் பூனைக்கு இந்த ஊசி?

பூனைகளுக்கு வழக்கமாகப் போடும் முச்சேர்க்கைத் தடுப்பூசியில் லுகேமியா என்னும் வைரஸ் நோய்க்கான காப்பு கிடையாது; அதற்குத் தனி ஊசி. பேன்லுகோபீனியா, ஹெர்பிஸ், காலிசி என்னும் மூன்று வைரஸ்களுக்கு எதிராகத்தான் அந்த ஊசி வேலை செய்கிறது. வெறிநோயையும் சேர்த்து நான்காக வருவதும் உண்டு. தடுப்பூசி அட்டையில் 'பேன்லுகோ' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, லுகேமியாவுக்கும் சேர்த்தே போட்டாயிற்று என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'லுகோஸ்' என்றால் கிரேக்க மொழியில் வெள்ளை. பேன்லுகோபீனியாவில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துபோகின்றன. லுகேமியாவில் அந்த அணுக்களைப் பிறப்பிக்கும் எலும்பு மஜ்ஜையே கெடுகிறது. பெயரில் அந்தக் கிரேக்கச் சொல் பொதுவாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

பேன்லுகோபீனியா பார்வோ வகை வைரஸ். குட்டிகளை வாந்தியும் பேதியுமாகச் சில நாட்களில் கொன்றுவிடும். வீட்டுத் தரையிலும் சாக்கிலும் கூடையிலும் மாதக்கணக்கில், வாய்ப்பிருந்தால் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். லுகேமியா வைரஸ் நேர் எதிர். பூனையின் உடலைவிட்டு வெளியே வந்தால் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. சோப்புத் தண்ணீர் பட்டாலே செத்துவிடும். முன்னது வீட்டில் குடியிருக்கும் நோய், பின்னது பூனைக்குள் குடியிருக்கும் நோய் என்று சொல்லலாம். பேன்லுகோபீனியாவில் குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடாத புதுக் குட்டியைக் கொண்டுவருவது ஆபத்து. லுகேமியாவில் இறந்த பூனையின் வீட்டில் தட்டு, மண்தொட்டி, படுக்கை ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்துச் சில நாள் பொறுத்தால் போதும். ஆனால் அந்த வீட்டிலேயே இன்னொரு பூனை இருந்தால், முதலில் அதைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

லுகேமியா வைரஸை 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் அடையாளம் கண்டனர். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று வந்ததே அவர்களைத் தேடவைத்தது. புற்றுநோய் ஒன்று தொற்றுநோய்போலப் பரவ முடியும் என்ற எண்ணம் அன்று எளிதில் ஏற்கக்கூடியதாக இல்லை. 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்த ஒரு நொதி அந்தப் புதிரை விளங்கவைத்தது. ரெட்ரோ வைரஸ்கள் அந்த நொதியைக் கொண்டு தம்மிடம் உள்ள ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, அதை உயிரணுவின் மரபுத் தொகுதிக்குள்ளேயே செருகிவிடுகின்றன. செருகப்பட்ட இடம் அணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவுக்கு அருகில் அமைந்துவிட்டால் புற்று தொடங்குகிறது. பூனை லுகேமியா வைரஸும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

புற்று என்ற சொல் முன்னால் நின்று மறைத்துவிடுவதால், இந்நோயின் மற்ற முகங்கள் கவனத்துக்கு வருவதில்லை. பாதிக்கப்பட்ட பூனைகளில் பல, புற்று வருவதற்கு முன்பே இரத்தசோகையாலும் எதிர்ப்பாற்றல் குன்றுவதாலும் விழுந்துவிடுகின்றன. ஈறு வெளுத்துப்போதல், வாய்ப்புண் ஆறாமை, காரணம் தெரியாத காய்ச்சல், மெலிவு, திரும்பத் திரும்ப வரும் சளி, கருச்சிதைவு, பிறந்த குட்டிகள் பால் குடிக்காமல் ஒவ்வொன்றாக வாடிச் சாவது ஆகியவற்றில் எதுவும் முதல் அறிகுறியாக இருக்கலாம். 'வயசாயிட்டு, அதான் இளைச்சிட்டு' என்று சொல்லப்படும் பூனைக்கு வயது நான்கோ ஐந்தோதான் இருக்கும். மனிதருக்கு இந்த வைரஸ் ஒட்டுவதற்குச் சான்று ஏதும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டிலிருந்து லுகேமியாப் பூனையை இந்த வைரஸுக்குப் பயந்து விரட்ட வேண்டியதில்லை.

வைரஸ் உள்ளே நுழைந்த எல்லாப் பூனையும் நோயாளி ஆவதில்லை. ஊசி பற்றிய முடிவு பெரும்பாலும் இந்த உண்மையைச் சுற்றியே நிற்கிறது. சில பூனைகளின் உடல் வைரஸைத் தொடக்கத்திலேயே முறியடித்துவிடுகிறது. வேறு சிலவற்றில் இரத்தத்தில் ஓடும் வைரஸ் அடங்கி, எலும்பு மஜ்ஜையில் டி.என்.ஏ. வடிவில் மட்டும் உறங்குகிறது. இவை பெரும்பாலும் நோயின்றியே வாழ்ந்து முடிக்கும். கடும் நோயோ ஸ்டீராய்டு மருந்தோ எதிர்ப்பாற்றலைக் குலைத்தால் வைரஸ் விழித்துக்கொள்ளலாம். அவற்றின் இரத்தத்தை இன்னொரு பூனைக்கு ஏற்றினால் நோயும் சேர்ந்து ஏறும். மூன்றாவது வகைதான் அபாயமானது. அவற்றின் உடல் தோற்றுப்போக, வைரஸ் இரத்தத்திலும் எச்சிலிலும் ஓயாமல் பெருகுகிறது. ஒரு மில்லி எச்சிலில் பத்து லட்சம் வைரஸ் துகள் வரை இருக்கக்கூடும். இந்த வகையில் சேர்ந்த பூனைகளில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுக்குள் இறந்துவிடுகின்றன.

எந்தப் பூனை எந்த வகையில் சேரும் என்பதைப் பெரிதும் வயதே தீர்மானிக்கிறது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வைரஸ் கிடைத்தால் மூன்றாவது வகையில் விழும் வாய்ப்பு மிக அதிகம். வளர வளர உடலுக்கு இயல்பான எதிர்ப்பு கூடுகிறது. நன்கு வளர்ந்த பூனை நோயாளியாக வேண்டுமென்றால் நெருக்கமான, நீண்டகாலப் பழக்கம் வேண்டும். அல்லது ஆழமான கடி வேண்டும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே தட்டில் தின்பது, தாய் குட்டிக்குப் பால் கொடுப்பது, கடுவன்கள் இரவில் கட்டிப் புரள்வது ஆகியவையே வழிகள். தும்மலில் பரவாது. ஒரு மதிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து முறைத்துக்கொள்வதாலும் பரவாது.

வயதுக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியது, பூனை எங்கெல்லாம் போகிறது என்பதே. இங்கேதான் தாமிரபரணிக் கரையின் வீட்டமைப்பு கணக்கில் வருகிறது. நெல்லை டவுனின் பழைய தெருக்களில் வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாக அமைந்த வீடுகள். சுவர் பொது, முற்றம் பொது, கிணறு பொது. பூனையும் பெரும்பாலும் பொது. ஒரு வீட்டில் பால், இன்னொரு வீட்டில் மீன்தலை, மூன்றாவது வீட்டுத் தட்டட்டியில் தூக்கம். 'பூனை வெளியே போகுமா?' என்று மருத்துவர் கேட்டால், வளர்ப்பவர் கூசாமல் 'போகாது' என்பார். அவர் கணக்கில் வளவுக்குள் இருப்பது வெளியே போனதாகாது. மருத்துவர் மனத்தில் இருப்பதோ, சன்னலுக்கு வலையடித்த அடுக்ககத்து வீட்டைவிட்டு இறங்காத பூனை. ஒரே சொல்லுக்கு இருவரிடமும் இரு பொருள். 'இன்னொரு பூனையோடு இதற்குப் பழக்கம் உண்டா?' என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

ஆற்றங்கரை ஊர்களில் காரும் பிசானமும் விளைந்து நெல் வீட்டுக்கு வந்த காலமெல்லாம், எலிக்காகவே பூனை வளர்க்கப்பட்டது. அரிசி ஆலைகளிலும் தவிட்டுக் கிட்டங்கிகளிலும் இன்றும் பூனை வேலைக்காரர்தான். அங்கே தாயும் மகளும் பேத்தியுமாக ஒரே கூட்டம் ஒன்றையொன்று நக்கி வாழும். யாருக்கும் சொந்தமில்லாததால் மாட்டாஸ்பத்திரிக்கு யாரும் தூக்கிப் போவதில்லை. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் மீன் இறங்கும் இடத்தில் கூடும் பூனைகள் எண்ணிக்கையில் அதிகமாகத் தெரியலாம். ஆனால் தின்றுவிட்டுக் கலைந்துபோகும் கூட்டத்தைவிட, சேர்ந்தே வாழும் ஆலைக் கூட்டத்தில்தான் இந்த நோய்க்கு வசதி அதிகம். நகரத்துப் புதுப் பழக்கமான பெர்ஷியன் குட்டிக்கும் இது பொருந்தும். விலை கொடுத்து வாங்கிய குட்டி நோயற்றது என்று எண்ணுவது இயல்பு. பல தாய்ப்பூனைகளை ஒரே அறையில் அடைத்துக் குட்டி எடுக்கும் இடத்திலிருந்து அது வந்திருந்தால், வைரஸின் பார்வையில் அதுவும் ஆலைக் கூட்டத்துக் குட்டிதான்.

வெளிநாட்டுக் கணக்குகள் ஒரு திசையை மட்டும் காட்டுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 18,038 பூனைகளைச் சோதித்து 2006இல் வெளியான ஆய்வில் 2.3 விழுக்காடு பூனைகளிடம் லுகேமியா வைரஸ் இருந்தது. ஐரோப்பிய நாடுகளில் 2019இல் வெளியான பெரிய ஆய்வின் மொத்தக் கணக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் தெற்கு ஐரோப்பாவில் அது இரு மடங்குக்கு மேல் இருந்தது. வெளியே திரியும் பூனையிடமும் கூட்டமாக வாழும் பூனையிடமும் நோய் அதிகம் என்பது எல்லா நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

முதல் தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் வளர்ந்த நாடுகளில் நோய் குறையத் தொடங்கியது அதற்கும் முன்பே. எழுபதுகளில் இரத்தப் பரிசோதனை வந்ததும், நோயுள்ள பூனைகளைக் கண்டுபிடித்துத் தனியே வைத்தார்கள். பல இடங்களில் அதிலேயே பரவல் பெருமளவு அடங்கியது. ஊசியைப் பற்றிப் பேசும்போது இந்த வரிசை மறக்கப்படுகிறது. பரிசோதனை மூத்த பிள்ளை, ஊசி இளையது.

ஊசிக்கு முன் பரிசோதனை தேவைப்படுவதற்குக் காரணம் எளிது. ஏற்கெனவே வைரஸ் உள்ள பூனைக்கு இந்த ஊசி எந்தப் பலனும் தராது. அதைவிட மோசமானது, 'ஊசி போட்டாயிற்று' என்ற நம்பிக்கையில் அந்தப் பூனையை மற்றவற்றோடு விட்டுவைப்பது. சில சொட்டு இரத்தத்தைக் கிட்டில் இட்டால் சில நிமிடங்களில் முடிவு தெரியும். அது வைரஸின் புரதத்தையே தேடுவதால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதமோ முன்பு போட்ட ஊசியோ முடிவைக் குழப்பாது; எனவே குட்டியை எந்த வயதிலும் சோதிக்கலாம். பாசிட்டிவ் என்று வந்தால் ஒரே சோதனையை நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. சில வாரம் தனியே வைத்து மறுபடி பார்க்க வேண்டும், பி.சி.ஆர். சோதனையால் உறுதி செய்யலாம். நெகட்டிவ் என்று வந்தாலும், பூனை அண்மையில் கடிபட்டதாகவோ தெருவிலிருந்து எடுத்து வந்ததாகவோ இருந்தால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது முறை. பாசிட்டிவ் பூனையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும் என்ற பழைய வழக்கம் இன்று கைவிடப்பட்டுவிட்டது. வேறு பூனை இல்லாத வீட்டில், வெளியே விடாமல், கருத்தடை செய்து, நல்ல தீனி கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும் பூனைகள் உண்டு.

ஊசி போடுவது என்று முடிவானால் எட்டு வார வயதுக்கு மேல் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது, ஓராண்டு முடிந்ததும் ஒன்று. அதன்பின் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஆண்டுதோறுமோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ போடலாம். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டால் போடாததற்குச் சமம். முறையாகப் போட்டாலும் வைரஸ் உடலில் நுழைவதை ஊசி முழுதாகத் தடுப்பதில்லை. நுழைந்த வைரஸ் மூன்றாவது வகை நோயாக முற்றாமல் பெரும்பாலும் தடுக்கிறது. உயிர் காப்பதற்கு அது போதும். ஆனாலும் ஊசி போட்ட பூனையை நோயுள்ள பூனையோடு ஒரே தட்டில் சோறிட்டு வளர்ப்பது வீண் துணிச்சல்.

ஊசிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. 1987இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் பூனைகளுக்கு வெறிநோய் ஊசியைக் கட்டாயமாக்கியது. லுகேமியா ஊசியும் அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. ஊசி போட்ட இடத்தில் சார்கோமா என்னும் கொடிய கட்டி தோன்றுவது கூடியிருப்பதாக பென்சில்வேனியா பல்கலைக்கழக நோயியல் வல்லுநர்கள் 1991இல் அறிவித்தனர். ஊசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் துணைப்பொருள் அவ்விடத்தில் உண்டாக்கும் நாட்பட்ட அழற்சியே காரணம் என்று பலரும் கருதினர். ஏறத்தாழப் பத்தாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் இந்தக் கட்டி மதிப்பிடப்படுகிறது. அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் அறுத்தாலும் திரும்பும் இயல்புடையது. துணைப்பொருள் சேர்க்காத, கேனரிப் பறவை அம்மை வைரஸைச் சுமைதாங்கியாகக் கொண்ட லுகேமியா ஊசி பின்னர் வந்தது இதற்காகவே. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வருவது சாதாரணம். அது மூன்று மாதம் நீடித்தாலோ, இரண்டு சென்டிமீட்டருக்குமேல் பெருத்தாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனாலோ உடனே காட்ட வேண்டும். லுகேமியா ஊசியை இடது பின்னங்காலிலும் வெறிநோய் ஊசியை வலது பின்னங்காலிலும், இயன்றவரை கீழே தள்ளிப் போடும் வழக்கமும் அப்போது வந்ததுதான்; கட்டி வந்தால் எந்த ஊசியால் வந்தது என்பது தெரியும், காலை எடுத்தாவது உயிரைக் காக்கலாம். பிடரியில் போட்டால் அந்த வழி இல்லை.

இந்த ஆபத்தையும் நோயின் ஆபத்தையும் தராசில் வைத்தால் குட்டிக்கும் பெரிய பூனைக்கும் விடை வேறாகிறது. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் 2020 முதல் ஓராண்டுக்கு உட்பட்ட குட்டிகள் எல்லாவற்றுக்கும் இதை அடிப்படை ஊசியாகவே வைத்துள்ளன. குட்டி பெரிதானபின் எங்கே திரியும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதே காரணம். உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு நெறிகள், நோய் புழங்கும் பகுதிகளில் ஓராண்டுக்கு உட்பட்ட பூனைகளுக்கும் வெளியே போகும் பெரிய பூனைகளுக்கும் இதை அடிப்படை ஊசி என்கின்றன. வளவிலும் ஆலையிலும் வயலோரத்திலும் பிறக்கும் குட்டிகளுக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும். மாடி வீட்டில் தனியே வளரும், சோதனையில் நெகட்டிவ் ஆன, மூன்று வயதுக்கு மேற்பட்ட பூனைக்கு இந்த ஊசி தேவையில்லை. இடைப்பட்டவற்றுக்கு மருத்துவரும் வளர்ப்பவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் இந்த ஊசிக்கு முன்னால் வரிசையில் நிற்பவை உண்டு. முதலிடம் வெறிநோய் ஊசிக்கு. லுகேமியா பூனையை மட்டும் கொல்லும். வெறிநோய் பூனையையும் அது பிறாண்டிய பிள்ளையையும் கொல்லும். வெறிநோய் ஊசி போடாத பூனைக்கு லுகேமியா ஊசியைத் தேடி அலைவது, கூரையில் ஓட்டையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. பூனை கடித்தாலோ நகம் கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நெல்லையின் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியானாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். அடுத்தது முச்சேர்க்கை ஊசி. குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது பேன்லுகோபீனியாதான். மூன்றாவது கருத்தடை. கடுவனுக்குக் கருத்தடை செய்தால் இரவுச் சண்டை குறையும், சண்டை குறைந்தால் கடி குறையும், கடி குறைந்தால் லுகேமியாவின் ஒரு வாசல் அடைபடும். லுகேமியா ஊசி முச்சேர்க்கை ஊசிபோல நினைத்த நேரத்தில் எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை என்பதால், அது வரும்வரை பரிசோதனையும் கருத்தடையும் தனித் தட்டும்தான் தடுப்பூசி. எந்த ஊசியானாலும் இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் இருந்து வந்ததா என்று கேட்பது வளர்ப்பவரின் உரிமை. நெல்லையின் சித்திரை வெயிலில் பையில் வைத்துச் சுமந்துவந்த புட்டியால் பயனில்லை. ஐயமிருந்தால் இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவில் கேட்கலாம்.

கடைசியாக, மலையடிவாரம். தாமிரபரணி பிறக்கும் பொதிகைச் சரிவுகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ளன. 1962இல் முண்டந்துறையிலும் 1976இல் களக்காட்டிலும் அமைந்த இரு சரணாலயங்களைச் சேர்த்து 1988இல் உருவானது அது. புலி, சிறுத்தை, காட்டுப்பூனை, சிறுத்தைப் பூனை என்று பூனைக் குடும்பத்தின் பல கிளைகள் அங்கே வாழ்கின்றன. காப்பகத்துக்குள்ளேயே காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் மின்வாரியக் குடியிருப்புகளும் உண்டு. பாபநாசத்தைச் சுற்றிய கிராமங்களில் சிறுத்தை இறங்கி ஆட்டையும் நாயையும் தூக்குவது அடிக்கடி செய்தியாகிறது. பூனையைத் தூக்கினால் செய்தி வராது, அவ்வளவுதான். அமெரிக்காவின் புளோரிடாவில் 2002 முதல் 2005 வரை அழியும் நிலையிலிருந்த மலைச்சிங்கங்களிடையே லுகேமியா பரவி ஐந்து இறந்தன. வீட்டுப் பூனைகளிடமிருந்தே வைரஸ் வந்தது என்று மரபணு ஆய்வு காட்டியது. காட்டில் பிடித்து ஊசி போட்டுத்தான் அந்தப் பரவலை நிறுத்தினார்கள். ஸ்பெயினின் தோன்யானாவில் 2007இல் ஐபீரியச் சிவிங்கிப்பூனைகளுக்கு அதே கதி நேர்ந்தது. சிறுத்தையைப் பிடித்து ஊசி போடுவதைவிட, காரையாற்றுப் பூனையைப் பிடித்துப் போடுவது எளிது. தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு வரும் லுகேமியா ஊசிகளில் முதல் பெட்டி, விலையுயர்ந்த பெர்ஷியன் பூனைகளைத் தாண்டி, அந்த மலைக் குடியிருப்புகளுக்குப் போக வேண்டும்.